கண் தெளிவாகத் தெரியும்போதே

நான் எட்டாம் தரத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள், மாதாந்தக் கிளினிக்குக்குப் போய்வந்த என் மூத்தம்மா மருந்துப் பைக்குள்ளிருந்து சிறிய துண்டொன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "இதுல என்ன மகள் எழுதியிருக்கு? வாசிச்சிச் சொல்லு" என்றார். ஆங்கிலத்தில் இரண்டு வரி. டொக்டரின் கையெழுத்து. தட்டுத்தடுமாறி வாசித்துவிட்டு, "கண் கிளினிக்குக்குப் போகட்டாம் மூத்தம்மா" என்றேன்.

"கண்ணுக்கு என்ன? நல்லாத்தானே தெரியிது. கண்ணாடியப் போட்டா குர்ஆன்ல ஒரு எழுத்துத் தப்பாம ஓதுறன்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. துண்டை இரண்டாக மடித்து, கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் வைத்துக் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டேன்.

மூன்று வருடங்களுக்குப் பிறகு அந்தத் துண்டு அதே பக்கத்தில், அதே மடிப்போடு இருந்தது. மூத்தம்மாவின் வலது கண்தான் பழையபடி இருக்கவில்லை.

எங்கள் கல்லூரி மலருக்கு என்ன எழுதுவது என்று யோசித்தபோது இதைத் தவிர வேறொன்றும் மனதில் வரவில்லை. நம் வீடுகளில் சீனி வருத்தம் இல்லாத வீடு குறைவு. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, 20 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. சீனி வருத்தம் சிறுநீரகத்தைப் பாதிக்கும், காலில் புண் வந்தால் ஆறாது என்பதெல்லாம் நம் உம்மாமாருக்குத் தெரியும். கண்ணைப் பற்றிக் கேட்டால் மட்டும், "கண் மங்கினால் காட்டலாம்" என்பார்கள். அந்த ஒரு வசனத்தில்தான் பிழை இருக்கிறது. ஏன் பிழை என்பதை, உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் ஒரு மாணவியாக, எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன்.

விழித்திரையும் வாய்க்காலும்

நம் கண்ணை ஒரு கெமராவுக்கு ஒப்பிட்டால், ஒளியைக் குவிக்கும் வில்லை முன்பக்கத்தில் இருக்கிறது. படம் விழும் இடம் உட்புறத்தின் பின்சுவர். அந்தச் சுவரை உள்ளே மூடியிருக்கும் மெல்லிய படைதான் விழித்திரை. அதன் தடிப்பு அரை மில்லிமீற்றர்கூட இல்லை. அதன் நடுவில் மஞ்சட் பொட்டு என்று ஓர் இடம் உண்டு. எழுத்து வாசிப்பது, ஊசியில் நூல் கோர்ப்பது, முகத்தை அடையாளம் காண்பது எல்லாம் அந்தச் சின்ன இடத்தின் வேலை. சுற்றியுள்ள பகுதி பக்கவாட்டில் உள்ளதையும் இருட்டில் உள்ளதையும் காட்டும்.

விழித்திரை நிறைய ஒட்சிசன் கேட்கும் இழையம். அதற்கு வேண்டியதை மிக நுண்ணிய குருதிக் குழாய்கள் கொண்டுபோய்க் கொடுக்கின்றன. குருதியில் குளுக்கோசு வருடக்கணக்காகக் கூடியே இருந்தால் முதலில் பழுதாவது இந்த நுண்ணிய குழாய்கள்தான்.

எங்கள் வாப்பா வயல் செய்கிறவர். ஆகவே எனக்கு இது வாய்க்காலை வைத்துத்தான் விளங்கியது. சேனநாயக்க சமுத்திரத்தில் தேங்கிய நீர் பெரிய வாய்க்காலில் வந்து, சின்ன வாய்க்கால்களில் பிரிந்து, கடைசியில் வரம்பு வெட்டிய வழியாக வயலுக்குள் இறங்குகிறது. கடைசி வாய்க்காலின் கரை பலமில்லாமல் போனால் என்ன நடக்கும்?

முதலில் கரை அங்கங்கே புடைக்கும். குழாயின் சுவரைத் தாங்கி நிற்கும் கலங்கள் அழிய, சுவர் சின்னச் சின்னக் கொப்புளங்களாகப் புடைக்கிறது. இதுதான் ஆரம்பம். அடுத்து நீர் கசியும். குழாயிலிருந்து திரவமும் கொழுப்பும் விழித்திரைக்குள் கசிந்து படிகின்றன. சிறுசிறு குருதிக் கசிவுகளும் உண்டாகின்றன. கசிவு மஞ்சட் பொட்டில் நடந்தால் அந்த இடம் வீங்கும். எழுத்து மங்கும், நேர்கோடு வளைந்து தெரியும். நீரிழிவுக்காரரின் பார்வை குறைய இந்த வீக்கம் ஒரு முக்கிய காரணம்.

பிறகு சில வாய்க்கால்கள் அடைபட்டே போகும். நீர் போகாத வயல் காய்வதுபோல, விழித்திரையின் சில பகுதிகள் ஒட்சிசன் இல்லாமல் தவிக்கின்றன. தவிக்கும் அந்த இழையம், புதிய குழாய்களை வளரச் சொல்லும் ஒரு பதார்த்தத்தைச் சுரக்கிறது. கேட்க நல்ல செய்திபோல இருந்தாலும், ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. அவசரத்தில் வெட்டிய வாய்க்காலுக்குக் கரை இருக்காது. புதிதாக முளைக்கும் குழாய்கள் மிக மெல்லியவை. வளரக் கூடாத இடத்தில் வளர்பவை. கண்ணின் நடுவில் நிறைந்திருக்கும் கூழ் போன்ற கண்ணாடியுடனீரின் மேல் அவை படர்கின்றன. ஒரு நாள் உடைந்தால் கண்ணுக்குள் குருதி பரவிவிடும். அவற்றோடு வளரும் தழும்பு இழையம் சுருங்கும்போது விழித்திரையையே சுவரிலிருந்து இழுத்துக் கழற்றிவிடும்.

வலிக்காத நோய்

இவ்வளவும் கண்ணுக்குள் நடக்கும்போது மூத்தம்மாவுக்கு எப்படித் தெரியாமல் போனது? இந்தக் கேள்வி என்னை நீண்ட நாள் உறங்க விடவில்லை.

காரணங்கள் மூன்று. முதலாவது, விழித்திரை வலிப்பதில்லை. பல்லில் சின்ன ஓட்டை விழுந்தாலும் இரவெல்லாம் தூக்கம் வராது. விழித்திரையில் நூறு இடத்தில் கசிந்தாலும் ஒரு உறுத்தலும் இராது. இரண்டாவது, மஞ்சட் பொட்டில் கை வைக்காத வரைக்கும் வாசிக்கலாம், சமைக்கலாம், பஸ்ஸின் பெயர்ப் பலகையும் தெரியும். சுற்றுப்புறத்தில் புதிய குழாய்கள் படர்ந்திருப்பவர்கூடக் கண் பரிசோதனைப் பலகையின் கடைசி வரி வரை வாசித்துக் காட்டலாம். மூன்றாவது, இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும்.

ஆகவே "நன்றாகத் தெரிகிறது" என்பது கண் நன்றாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி இல்லை. நான் எட்டாம் தரத்தில் விளங்கிக்கொள்ளாதது இதுதான்.

அந்த நாள்

சென்ற வருடம் ஒரு நாள் சுபஹுக்கு எழும்பிய மூத்தம்மா, "வீட்டுக்குள்ள நுளம்பு கூடிப்போச்சு" என்று முகத்துக்கு முன்னால் கையை வீசிக்கொண்டிருந்தார். நுளம்பு எதுவும் இருக்கவில்லை. லுஹருக்குள் "சிலந்தி வலை மாதிரி ஒண்டு தொங்குது" என்றார். அஸருக்கு வுழூ செய்யப் போனவர், குழாயடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலது கண்ணுக்குள் கருஞ்சிவப்புத் திரை ஒன்று இறங்கியிருந்தது.

மறுநாள் காலையில் கண் பிரிவுக்குக் கொண்டுபோனோம். இரண்டு கண்ணிலும் புதிய குழாய்கள் படர்ந்திருப்பதாகவும், வலது கண்ணில் குருதி பரவியதோடு விழித்திரையும் இழுபட்டிருப்பதாகவும் சொன்னார்கள். "இவருக்குப் பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். இதற்கு முன் யாரும் கண் பார்க்க அனுப்பவில்லையா?" என்று வைத்தியர் கேட்டார். மூத்தம்மா ஒன்றும் பேசவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வலது கண்ணுக்குக் கொழும்பில் சத்திரசிகிச்சை நடந்தது. கையை அசைத்தால் நிழல் தெரியும், அவ்வளவுதான். இடது கண்ணுக்கு லேசர் செய்தார்கள். அந்தக் கண் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். இப்போது பெரிய எழுத்து முஸ்ஹபில் இடது கண்ணால் ஓதுகிறார்.

துண்டைப் பற்றி ஒரு நாள் நானே அவரிடம் சொன்னேன். "எனக்கும் ஞாபகம் இருக்கு மகள்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த நோயைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

யார், எப்போது காட்ட வேண்டும்?

நம் வீடுகளில் பெரியவர்களுக்கு வருவது பெரும்பாலும் இரண்டாம் வகை நீரிழிவு. அது சத்தமில்லாமல் தொடங்குவதால், கண்டுபிடிப்பதற்குச் சில வருடங்களுக்கு முன்னரே உடலில் இருந்திருக்கலாம். எனவே நீரிழிவு என்று தெரிந்த உடனேயே கண்ணையும் காட்ட வேண்டும். அதன் பிறகு வைத்தியர் வேறு தவணை சொல்லாவிட்டால் வருடத்துக்கு ஒரு முறை. மாற்றங்கள் இருந்தால் அதைவிட அடிக்கடி.

சிறு வயதில் வந்து இன்சுலின் ஏற்றிக்கொள்ளும் முதலாம் வகை என்றால், நோய் கண்ட ஐந்து வருடத்துக்குள் முதல் பரிசோதனை, பிறகு வருடாந்தம். நம் வகுப்புகளிலும் அப்படித் தோழிகள் இருக்கலாம். அவர்களின் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஏற்கனவே நீரிழிவு உள்ள பெண் கருவுற்றால், கர்ப்பகாலத்தில் விழித்திரைப் பாதிப்பு வேகமாகக் கூடலாம். கருத்தரிக்க முன்னரோ, முதல் மூன்று மாதத்துக்குள்ளோ கண்ணைக் காட்டி, பிறகும் தொடர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீரிழிவு எவ்வளவு காலமாக இருக்கிறது என்பது முக்கியம். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் நடந்த புகழ்பெற்ற ஆய்வொன்றில், 20 வருடம் கடந்தபோது முதலாம் வகையினர் ஏறக்குறைய எல்லோருக்கும், இரண்டாம் வகையினரில் அரைவாசிக்கு மேற்பட்டோருக்கும் ஏதோ ஓர் அளவில் விழித்திரை மாற்றம் இருந்தது. உலக அளவில் நீரிழிவுள்ளவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இந்த மாற்றம் இருக்கிறது. பயப்படுத்த இதை எழுதவில்லை. அவர்களில் பெரும்பாலானோருக்குப் பார்வை பறிபோகும் கட்டம் இன்னும் வரவில்லை. அந்தக் கட்டம் வருமுன் பிடிக்கத்தான் வருடாந்தப் பரிசோதனை.

தவணைக்குக் காத்திராமல் உடனே போக வேண்டிய அறிகுறிகளும் உண்டு: கண்முன் திடீரெனக் கரும்புள்ளிகள் அல்லது வலை மிதத்தல், மின்னல்போல் ஒளி வெட்டுதல், ஒரு பக்கத்தில் திரை இறங்குவதுபோல் மறைத்தல், திடீரென்று பார்வை குறைதல், கதவுச் சட்டம் போன்ற நேர்கோடு வளைந்து தெரிதல். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் கதவுச் சட்டத்தைப் பார்ப்பதை வாரத்துக்கு ஒரு முறை பழக்கமாக்கலாம். ஆனால் அது பரிசோதனைக்குப் பதிலாகாது.

பரிசோதனை நாளில்

எங்கள் ஊரில் பலர் கண் கிளினிக்குக்குப் பயப்படுவது அங்கே என்ன செய்வார்கள் என்று தெரியாததால்தான். ஊசியும் இல்லை, வெட்டும் இல்லை. முதலில் எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்வார்கள். பிறகு கண்மணி விரிவதற்குச் சொட்டு மருந்து விடுவார்கள். கொஞ்சம் எரியும். கண்மணி விரிய இருபது முப்பது நிமிடம் செல்லும். பிறகு வைத்தியர் ஒளி பாய்ச்சி உள்ளே பார்ப்பார். சில இடங்களில் கெமராவால் படமும் எடுப்பார்கள்.

உடலில் குருதிக் குழாய்களை வெட்டாமல், கிழிக்காமல் நேரே பார்க்கக்கூடிய இடம் விழித்திரை. ஜேர்மன் விஞ்ஞானி ஹெர்மன் வொன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் வெளியிட்ட கண்நோக்கிக் கருவிதான் இதற்கு வழி திறந்தது. அதன் பிறகு நான்கைந்து வருடத்துக்குள் எடுவார்ட் யேகர் என்ற வைத்தியர் நீரிழிவு நோயாளியின் விழித்திரையில் கண்ட மாற்றங்களை விவரித்தார். அதுவரை இந்த நோய் யார் கண்ணுக்கும் தென்படாமலே மனிதரைக் குருடாக்கியிருக்கிறது.

மருந்து விட்ட பிறகு சில மணித்தியாலத்துக்குக் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும். ஆகவே மோட்டார் சைக்கிளில் தனியாகப் போகக் கூடாது. யாராவது கூடப் போகவும். தொப்பி, குடை, கறுப்புக் கண்ணாடி ஏதாவது கொண்டுபோகவும். கிளினிக் கொப்பி, குடிக்கும் மருந்துகள், கடைசிச் சீனி ரிப்போர்ட் ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை. கொழும்பில் தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது. ஆனால் முதல் பரிசோதனைக்காகக் கொழும்பு வரை போக வேண்டியதில்லை. கண் பிரிவுள்ள கிட்டிய வைத்தியசாலை போதும். நீங்கள் மருந்தெடுக்கும் கிளினிக்கில் கேட்டால் துண்டு தருவார்கள். துண்டு தந்தால், தயவுசெய்து மடித்து வைத்துவிடாதீர்கள்.

சிகிச்சை என்ன செய்யும், என்ன செய்யாது?

ஆரம்ப மாற்றத்துக்குக் கண்ணில் சிகிச்சை எதுவும் தேவையில்லை. சீனியையும் பிரஷரையும் கட்டுக்குள் வைத்து, தவணைக்குத் தவணை பார்த்தால் போதும்.

புதிய குழாய்கள் முளைத்துவிட்டால் லேசர். இதன் பிறப்பைப் பற்றி ஓர் ஆச்சரியமான செய்தி உண்டு. 1945ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் திகதி ஐரோப்பாவில் சூரிய கிரகணம். அதை வெறும் கண்ணால் பார்த்த ஒரு மாணவனின் விழித்திரையில் தழும்பு விழுந்தது. அதைப் பரிசோதித்த ஜேர்மன் வைத்தியர் கேர்ட் மையர் ஷ்விக்கராத், கெடுதல் செய்த அதே ஒளியை அளவோடு பாய்ச்சினால் விழித்திரைக்கு வைத்தியம் செய்யலாமே என்று சிந்தித்தார். முதலில் சூரிய ஒளியையே பயன்படுத்தினார். அந்த வழி வளர்ந்துதான் இன்றைய லேசராக வந்திருக்கிறது.

லேசரில் விழித்திரையின் சுற்றுப்புறத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணிய சூட்டுப் புள்ளிகள் இடப்படுகின்றன. ஒட்சிசனுக்காகத் தவிக்கும் பகுதியின் தேவை குறைய, புதிய குழாய்களை வளரச் சொல்லும் பதார்த்தமும் குறைகிறது, குழாய்கள் வாடுகின்றன. 1970களில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்று, இந்தச் சிகிச்சை கடுமையான பார்வை இழப்பைப் பாதிக்கும் மேலாகக் குறைப்பதாகக் காட்டியது. ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். லேசர் இருப்பதைக் காப்பதற்கே. போனதைத் திருப்பித் தருவதற்கல்ல. பக்கப் பார்வையும் இரவுப் பார்வையும் கொஞ்சம் குறையவும் கூடும். "லேசர் செய்தும் கண் தெளியவில்லை" என்று இடையில் விட்டுவிடுபவர்கள் இதை அறியாமல்தான் விடுகிறார்கள்.

மஞ்சட் பொட்டு வீங்கினால் கண்ணுக்குள் ஊசி மூலம் மருந்து ஏற்றுவார்கள். கேட்கப் பயமாக இருக்கும். கண்ணை மரக்கச் செய்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். இவற்றில் பெவசிசுமாப் என்ற மருந்து முதலில் குடற்புற்றுநோய்க்காக வந்தது. புற்றுக் கட்டிக்குப் புதிய குழாய் வளரவிடாமல் தடுக்கும் மருந்து, கண்ணிலும் அதே வேலையைச் செய்கிறது. ஒரு ஊசியோடு முடிவதில்லை. பல தவணை போக வேண்டும்.

குருதி பரவித் தெளியாவிட்டாலோ விழித்திரை இழுபட்டாலோ சத்திரசிகிச்சை. கண்ணுக்குள் இருக்கும் கண்ணாடியுடனீரை அகற்றித் துப்புரவாக்கும் இந்த முறையை 1970இல் ரொபேர்ட் மெக்கமர் தொடக்கிவைத்தார். மிகப் பயனுள்ளதுதான். ஆனால் பிந்திப் போனால் மூத்தம்மாவின் வலது கண்ணைப்போல நிழல் மட்டுமே மிஞ்சலாம்.

நம்மிடையே உலாவும் சில பிழையான எண்ணங்கள்

"கண் மங்கினால் கண்ணாடி மாற்றினால் சரி." சீனி ஏறி இறங்கும்போது வில்லை வீங்கிச் சுருங்குவதால் பார்வை நாளுக்கு நாள் மாறும். அந்த நேரத்தில் வாங்கும் கண்ணாடி அடுத்த மாதம் பொருந்தாது. சீனி சீரான பிறகே அளவெடுக்க வேண்டும். கண்ணாடிக் கடையில் அளவெடுப்பதும் விழித்திரையைப் பார்ப்பதும் வேறு வேறு.

"இன்சுலின் ஏற்றினால் கண் போய்விடும்." இன்சுலின் தொடங்குபவர்கள் பலர் நீண்ட காலம் சீனியோடு இருந்தவர்கள். அவர்களின் கண் முன்னரே பழுதாகியிருக்கும். பழி இன்சுலின் மேல் விழுகிறது. நீண்ட காலம் கூடியிருந்த சீனியை வேகமாகக் குறைக்கும்போது சிலருக்கு ஆரம்பத்தில் விழித்திரை கொஞ்சம் மோசமாவதுண்டு. அதற்காக இன்சுலினை நிறுத்தாமல், தொடங்கும்போதே கண்ணையும் காட்டிக்கொள்வதுதான் முறை.

"கண் போனால் வேறு கண் வைக்கலாம்." கலாநிதி ஹட்சன் சில்வா 1961இல் ஆரம்பித்த கண்தான சங்கத்தால் நம் நாடு உலகெங்கும் பெயர் பெற்றது. அதனால் இந்த நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. ஆனால் தானமாகப் பெற்று மாற்றி வைப்பது கண்ணின் முன்புறத்தில் உள்ள விழிவெண்படலத்தை மட்டுமே. பழுதான விழித்திரையை மாற்றி வைக்க முடியாது.

"கட்டரக்ட் வெட்டினால் எல்லாம் தெரியும்." கட்டரக்ட் என்பது வில்லை மங்குவது. நீரிழிவுக்காரருக்கு அது முந்தியே வரலாம். வில்லையை மாற்றினாலும் பின்னால் விழித்திரை பழுதாக இருந்தால் பார்வை தெளியாது.

காப்பது நம் கையில்

1993இல் வெளிவந்த அமெரிக்க, கனேடிய ஆய்வொன்றில் முதலாம் வகை நீரிழிவுள்ள 1,441 பேர் பங்குபற்றினார்கள். சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களில் விழித்திரைப் பாதிப்புப் புதிதாகத் தோன்றுவது 76 சதவீதத்தால் குறைந்தது. 1998இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வொன்றில் இரண்டாம் வகையினரின் பிரஷரை நன்றாகக் கட்டுப்படுத்தியபோது விழித்திரைப் பாதிப்பு முற்றுவது 34 சதவீதத்தால் குறைந்தது. ஆகவே சீனிக் குளிசையைக் குடித்துவிட்டுப் பிரஷர் குளிசையை விட்டுவிடுவது கண்ணுக்கும் துரோகம்.

கிளினிக்குக்குப் போகும் முதல் நாள் மட்டும் சோற்றைக் குறைத்து விரல் குத்திப் பார்க்கும் அளவைச் சரிக்கட்டுபவர்கள் நம்மில் உண்டு. எச்பிஏ1சி என்ற பரிசோதனையை அப்படி ஏமாற்ற முடியாது. அது இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டிக்கொடுத்துவிடும். பலருக்கு 7 சதவீதம் அளவில் வைத்திருக்கச் சொல்வார்கள். உங்களுக்கான அளவை உங்கள் வைத்தியர் சொல்வார்.

நோன்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீனி வருத்தம் உள்ளவர்கள் றமழானுக்கு ஓரிரு மாதத்துக்கு முன்பே வைத்தியரைச் சந்தித்து, நோன்பு பிடிக்கலாமா, மருந்தை எப்படி மாற்றுவது என்று கேட்க வேண்டும். ஸஹருக்குக் குளிசையைத் தாமாகக் கூட்டுவதும் விடுவதும் ஆபத்து. விரல் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது. சீனி 70க்குக் கீழே போனால் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்கிறார்கள் வைத்தியர்கள். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை அது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதாலும் ஷாபிஈ மத்ஹபின்படி நோன்பு முறியாது. ஆகவே நோன்பைச் சாட்டிக் கண் கிளினிக்கைப் பிற்போட வேண்டியதில்லை. இஃப்தாரில் சர்பத்தும் வட்டலப்பமும் அளவோடு இருக்கட்டும். வீட்டில் புகைப்பவர் இருந்தால் அதையும் விடச் சொல்லுங்கள்.

வாப்பா

என் வாப்பாவுக்கும் எட்டு வருடமாகச் சீனி வருத்தம். மூத்தம்மாவின் கண் போன பிறகும் அவர் கண்ணைக் காட்டவில்லை. "வாப்பா, ஒருக்கா போய்ப் பார்ப்பமே" என்றால், "வட்டைக்குள்ள நிண்டு ஆத்துக்கு அங்கால இருக்கிற கொக்க எண்ணிச் சொல்லுவன் மகள்" என்பார். நான் தர்க்கம் பண்ணவில்லை. அந்த மடித்த துண்டை எடுத்து அவர் முன்னால் விரித்து வைத்தேன். "இதை வாசித்தது நான்தான் வாப்பா. கண் நல்லாத் தெரியிதுதானே என்று மடித்து வைத்ததும் நான்தான். உங்கட துண்டையும் என்னால மடிக்க ஏலாது" என்றேன். குரல் அடைத்துவிட்டது. வாப்பா கொஞ்ச நேரம் துண்டையே பார்த்தார். அடுத்த கிளினிக் நாளில் தானே கேட்டுத் துண்டு எடுத்துக்கொண்டு வந்தார்.

நானும் கூடப் போனேன். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை வாசித்தார். பெருமையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் மருந்து விட்டு உள்ளே பார்த்த வைத்தியர், இரண்டு கண்ணிலும் ஆரம்ப மாற்றம் இருக்கிறது, இப்போது சிகிச்சை தேவையில்லை, சீனியைக் குறைத்துக்கொண்டு ஆறு மாதத்தில் வாருங்கள் என்றார். வீடு வரும் வழியில் திறீவீலுக்குள் வாப்பா கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். வெயில் கூசியதாலா, வேறு காரணமா என்று நான் கேட்கவில்லை.

அந்த ஆறு மாதத் தவணை அடுத்த மாதம் வருகிறது. திகதியை நாட்காட்டியில் சிவப்புப் பேனையால் வளையமிட்டிருக்கிறேன். மூத்தம்மாவும் தன் தவணையை அதே நாளுக்கு மாற்றிக் கேட்டிருக்கிறார்.

தோழிகளே, வீட்டில் ஆங்கிலத் துண்டுகளை வாசித்துச் சொல்பவர்கள் நாம்தான். இன்று வீட்டுக்குப் போனதும் வாப்பா, உம்மா, மூத்தம்மா, மூத்தவாப்பா யாருடையதாக இருந்தாலும் கிளினிக் கொப்பியை ஒரு முறை புரட்டிப் பாருங்கள். கடைசியாகக் கண் பார்த்த திகதி அதில் எழுதப்பட்டிருக்கிறதா? இல்லாவிட்டால், அடுத்த கிளினிக் நாளில் நீங்களே கூடப் போய்க் கேளுங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை அப்படிக் கேட்கும்போது "எனக்கு நன்றாகத் தெரிகிறது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பார்வை அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். தெளிவாகத் தெரியும்போதே அதைக் காத்துக்கொள்ள அவன் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.